ஷிப்ட் சங்கு ஊதிய பாட்டு

எதிரொலி கேட்க நெய்வேலிக்காரன் மலையேறத் தேவையில்லை. எங்கள் பிளாக்கில் எக்கோ இருந்தார். டீக்கடையிலும் "டீ குடுங்க... குடுங்க... குடுங்க" என்றுதான் கேட்பார். அப்படியொரு மைக் பைத்தியம். மைன்ஸில் கன்வேயர் ஓட்டிக்கொண்டே பாப் பாட்டு எழுதியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அந்தப் பாட்டைக் குவார்ட்டர்ஸ் ஹாலிலேயே டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார். டிரம்ஸ், அவருடைய உயிர்ச் சிநேகிதர் காதர். எக்கோ கண்ணை மூடிப் பாதி பாடியிருப்பார், ஷிப்ட் சங்கு ஊதியது. காதர் குச்சிகளை வைத்துவிட்டு டிபன் பாக்ஸோடு கிளம்பிவிட்டார். அப்போது அவர் கான்ட்ராக்ட். பெர்மனென்ட் ஆகப்போகிற நேரத்தில் ஷிப்ட் பஸ்ஸை விட முடியுமா, சொல்லுங்கள்? எக்கோ எதுவும் தெரியாமல் கடைசிவரை உருகினார்.

"மறுபடி பாடிடுங்கண்ணே" என்றேன்.

"பாட்டு ஒரு வாட்டிதான்யா வரும்... வரும்... வரும்!"

அப்படியே கேசட் போட்டார். ஈ, காக்கா சீண்டவில்லை. "என்னைக் கெடுத்தவன் காதருதான்" என்று அவரோடு பேச்சை நிறுத்தியவர், காதர் வீட்டுக் கல்யாணப் பிரியாணிக்குக்கூட மசியவில்லை. ரிட்டயர் ஆனதும் காதர் குள்ளஞ்சாவடிக்குப் போய்விட்டார். எக்கோ எங்கள் பிளாக்கிலேயே மகனுடைய குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டார்.

சமீபத்தில் என் மகள் போனை நீட்டினாள். யாரோ அந்தக் கேசட்டைத் தேடிப்பிடித்து நெட்டில் ஏற்றியிருக்கிறார்கள். ஊரே ஆடுகிறது! சங்கு ஊதி டிரம்ஸ் நின்றதும் ஆடுகிறவர்கள் அப்படியே சிலையாக நிற்க வேண்டுமாம். பிறகு எக்கோவின் குரல் மட்டும் தனியாக வரும். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

எக்கோவிடம் காட்டினேன். குதிப்பார் என்று பார்த்தால் முகம் சுருங்கிவிட்டது.

"காதரு எப்பிடி இருக்கான்?"

"பக்கவாதம்ண்ணே. டாக்டருங்க கை விரிச்சிட்டாங்களாம்."

"வண்டிய எடுய்யா."

குள்ளஞ்சாவடியில் எக்கோவைப் பார்த்ததும் காதர் எழ முயன்றார். முடியவில்லை. "அன்னிக்கு நான் போயிருக்கக் கூடாதுடா. உன் பொழப்பக் கெடுத்துட்டேன்" என்று குழறினார்.

"அட லூசு! நீ எழுந்து போனதாலதான்டா அது பாட்டு. அது புரியாம நான்தான் இத்தினி வருசமா மொறைச்சிக்கினு கெடந்தேன். மன்னிச்சிருடா."

காதரின் செயலற்ற கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தடவினார். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள்.

நான் மட்டும்தான் திரும்பி வந்தேன். காதர் கண்மூடும்வரை எக்கோ அங்கேயே கிடந்தார். அந்தக் கிறுக்கு மனிதரைப் பார்க்காத அத்தனை நாளும் எனக்குச் சோறே இறங்கவில்லை.