பூட்டுக்கு வைத்த நெருப்பு

புதிதாகத் தொழில் பழகுகிறவன் கையில் சொந்தக்காரர் சாமானைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அக்காவின் கூறைச் சேலையே சாட்சி.

எழுபதுகளில் பதுளையில் ஒரு வேர்க்‌ஷாப்பில் காஸ் கட்டர் சுடரால் இரும்பு வெட்டப் பழகிக்கொண்டிருந்தேன். (பழகியது சில வாரம், பேச்சில் முப்பது வருஷ சர்வீஸ்.) அப்போதுதான் அக்காவும் மச்சானும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லய வீட்டைக் காலி செய்துகொண்டு ஒரேயடியாக இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தகரப் பெட்டியோடு வேர்க்‌ஷாப்பில் வந்து இறங்கினார்கள். பெட்டிச் சாவியைக் காணோம். தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் சுங்கத்தாருக்குத் திறந்து காட்டியாக வேண்டும்.

உள்ளே மேலாக இருந்தது கூறைச் சேலை. இந்தியாவில் மச்சானின் பூர்வீக ஊரில் அதைக் கட்டிக்கொண்டுதான் இறங்குவேன் என்று அக்கா மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தோட்டத்துக்காரி என்று யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாதாம்.

"ஒரு ஹெக்ஸோ பிளேடு குடு, நானே அறுத்துடுறேன்" என்றார் மச்சான்.

"அதெல்லாம் அந்தக் காலம் மச்சான். தள்ளி நில்லுங்க."

கட்டரின் முனை இரும்பைத் தொடாமல் சற்று விலகி நிற்க வேண்டும். எனக்கும் தெரியும். ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாளே! வெட்டு நறுக்கென்று விழட்டும் என்று முனையைப் பூட்டோடு ஒட்டினாற்போல் கொண்டுபோனேன். அடைபட்ட காஸ் 'பட்'டென்று வெடித்தது. என் கை துள்ளி, சுடர் பெட்டி மூடியைத் துளைத்துக்கொண்டு பாய்ந்தது.

"ஐயோ, தீயிற வாடை வருதே!" என்று அக்கா அலறினாள். வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினேன். பூட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மச்சான் பிளேடை எடுத்து அதை அறுத்தார்.

மடித்த சேலையில் ஓட்டை ஒன்றுதான். விரித்தால் மடிப்புக்கு ஒன்றாக, தலைப்பு வரைக்கும் வரிசை. அக்கா அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விடுடா தம்பி. அங்கிட்டு வெயில் ஜாஸ்தியாம். காத்தோட்டமா இருக்கும்" என்றாள்.

இன்றும் எங்கள் வீட்டில் பனியன் கிழிந்தாலும் கூரை ஒழுகினாலும் "காத்தோட்டமா இருக்கும்" என்பதுதான் பேச்சு. பேரப்பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அக்காவை அதற்குப் பிறகு நான் பார்க்கவேயில்லை. அவள் பழைய நூல் சேலையில்தான் அந்த ஊரில் போய் இறங்கினாளாம்.