மல்லாந்து கிடந்த தட்டுகள்

வெஸ்ட் பிளெயின்ஸ், மிசௌரி
ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை

என் கூடப் பிறந்த மாக்ஸீனுக்கு அக்கா வெர்லீன் எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். சுகமில்லை என்று எழுதினால் சந்தோஷப்படுவாய். அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். உன் சுகத்தை விசாரிப்பது முறை, விசாரித்ததாக வைத்துக்கொள். உன் கால் வீக்கம், உன் பூனை, உங்கள் சர்ச்சில் பியானோ வாசிக்கிற அந்த வழுக்கைத்தலையர், எல்லோரையும் கேட்டதாகச் சொல். கர்த்தர் உங்களை அவரவர் தகுதிக்கேற்பக் காப்பாராக.

என் வீட்டுக்காரர் ஃப்ளாய்டின் அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, சபையே பார்க்க, என் உருளைக்கிழங்கு சாலட்டில் இருந்த கடுகு விழுதை முள்கரண்டியால் வழித்து ஓரம் தள்ளினாயே, அன்றைக்கு எடுத்த முடிவு: உன் வாசற்படியை மிதிப்பதில்லை, உனக்கு ஒரு வரி எழுதுவதில்லை. முதலாவது அப்படியே இருக்கிறது. இரண்டாவதை இன்று ஒரு நாள் மட்டும் தளர்த்தியிருக்கிறேன். காரணம் நீ இல்லை, என் பேத்தி டிலேனி. எழுத்தில் தப்பு இருந்தால் சிரிக்காதே. ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றதே உனக்கு மணல்வாரி போட்டு நான் வீட்டில் உட்கார வேண்டியிருந்ததால்தான். நீ மறந்திருப்பாய். உனக்குக் காய்ச்சல். எனக்குக் காய்ச்சல் இல்லை, அதனால் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

விஷயம் இதுதான். என் மகள் டார்லா ஒரு லாரிக்காரனோடு டல்சாவுக்குப் போனபோது, அவள் பெண் டிலேனியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள், அன்றிலிருந்து நான் வளர்த்தேன், அவளும் ஒழுங்காகப் படித்து, பல் ஆஸ்பத்திரியில் ஊரார் பல்லைச் சுத்தம் செய்து கௌரவமாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தாள், போன ஜூன் மாதம் அந்த வேலையை உதறிவிட்டுத் தட்டெறியப் போய்விட்டாள். டிஸ்க் கால்ஃப். காட்டிலும் மேட்டிலும் நட்டுவைத்த கம்பங்களில் கூடை, கூடைக்கு மேலே தொங்குகிற சங்கிலி, தூரத்தில் நின்று தட்டை எறிந்து எறிந்து அதற்குள் விழவைக்க வேண்டும், குறைந்த எறியில் முடித்தவர் கெட்டிக்காரர். உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வசந்தம் வந்தால் உன் எம்போரியாவில் தெருவுக்குத் தெரு இந்தக் கூட்டம்தானே. அவளுடைய எட்டாவது பிறந்தநாளுக்கு அந்தச் சிவப்புத் தட்டைப் பார்சலில் அனுப்பியது யார்? நான் ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தேன். ஸ்வெட்டரை நாய்க்குப் போட்டாள், தட்டைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாள். இத்தனைக்கும் வேர் அந்தப் பார்சல்தான், மாக்ஸீன்.

அவள் போன அன்றைக்கு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது.

"பாட்டி, இதுல பொழைக்கிறவங்க நெறையப் பேரு இருக்காங்க."

"தட்டு கழுவிப் பொழைக்கிறவங்களப் பாத்திருக்கேன். தட்டு எறிஞ்சு பொழைக்கிறவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

"அப்ப நான் கெளம்புறேன்."

"கெளம்பு. ஆனா ஒண்ணு. பேசணும்னா நீதான் கூப்பிடணும். என் விரல் உன் நம்பரத் தொடாது."

"என் விரலும் தொடாது. நீங்க முதல்ல கூப்பிடுங்க, அப்பப் பேசுறேன்."

காரின் பின்சீட்டைக் கழற்றி வாசலில் போட்டாள், அந்த இடத்தில் மெத்தையை விரித்தாள், தட்டுப் பையைத் தூக்கி வைத்தாள், போய்விட்டாள். பின்சீட்டு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. தபால்காரர் அதில் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுப் போகிறார்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தட்டின் அடிப்பக்கத்திலும் மார்க்கர் பேனாவால் பேரும் போன் நம்பரும் எழுதிவைப்பார்கள். தொலைந்த தட்டைக் கண்டெடுத்தவர் அந்த நம்பரைக் கூப்பிட்டுச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் அமுக்குகிறவனோடு யாரும் சேர்ந்து ஆடமாட்டார்கள். டிலேனி சின்னவளாக இருந்தபோது அவளுக்கு ஏது போன்? என் வீட்டு நம்பரைத்தான் எழுதினாள். வளர்ந்து கையில் சொந்தப் போன் வந்த பிறகும் மாற்றவில்லை. சோம்பேறித்தனம், வேறென்ன.

முதல் போன் ஜூலையில், அயோவாவிலிருந்து.

"அம்மா, டிலேனி இருக்காங்களா? அவங்க தட்டு ஒண்ணு கெடச்சுது."

"எங்க கெடந்துது?"

"கடைசிக் கூடைக்குப் பக்கத்துல. வெட்டின புல்லுல, மல்லாந்து."

"வெட்டின புல்லுலயா? அது கூடத் தெரியாம போறதுக்கு அவ கண்ணு என்ன பொட்டையா?"

"தெரியலயேம்மா. தபால்ல அனுப்பட்டுமா?"

"அனுப்பு. அவ எறியறதப் பாத்தியா? மெலிஞ்சுட்டாளா?"

"அம்மா, நான் பிளம்பர். சும்மா ஞாயித்துக்கெழம எறிய வந்தேன்."

பிளம்பராக இருந்தால் என்ன, கண் இருக்கிறதல்லவா? கேட்டு வாங்கினேன். பந்தயத்தில் மேலே வந்த பாதிப் பேருக்குத்தான் பரிசுப் பணமாம், மீதிப் பாதி பெட்ரோல் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதானாம், டிலேனி பணம் வருகிற கோட்டுக்கு ஒரே ஒரு எறி கீழே நின்றாளாம், சனிக்கிழமை காலையில் குழந்தைகளுக்கு எறியச் சொல்லிக் கொடுத்தாளாம், கார் டிக்கியைத் திறந்து வைத்துச் சாயம் போட்ட தட்டு விற்றாளாம், குளியல் எங்கேயோ ஜிம்மில், படுக்கை கார் நிறுத்துகிற இடத்தில். பிறகு மிச்சிகன், பிறகு மெய்ன், இலையுதிர்காலத்தில் கரோலினா, பனிக்காலத்தில் ஃப்ளோரிடா. எந்த ஊர் என்று அவள் சொல்லவில்லை, அவள் தொலைத்த தட்டுகள் சொல்லின. ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடியும், திங்களன்று போன் வரும். எல்லோரும் ஒரே பாட்டு: வெட்டின புல், மல்லாந்து கிடந்தது. இவ்வளவு தட்டைத் தொலைக்கிறவள் எப்படி இந்தத் தொழிலில் பிழைப்பாள் என்று நான் திட்டாத திங்கள் இல்லை. வந்த தட்டுகளை அவள் கட்டிலில் அடுக்கியிருக்கிறேன். மேலே ஒரு போர்வை போட்டிருக்கிறேன், தூசுக்காக.

நான் ஒன்றும் போனுக்காகக் காத்திருக்கவில்லை. நாற்காலியைப் போன் பக்கத்தில் போட்டிருப்பது அங்கே வெயில் வருகிறது என்பதற்காக. முதல் மணியிலேயே கை போகும், மூன்றாவது மணி வரை அடக்கிவைப்பேன், இல்லாவிட்டால் வேலையில்லாதவள் என்று நினைப்பார்கள். திங்கட்கிழமை வெளியே போவதில்லை. காருக்கு இன்ஷூரன்ஸ் விற்கிற ஒருவன் முன்பெல்லாம் கூப்பிடுவான், அவனிடம் இரண்டு முறை முழுக் கதையும் சொன்னேன், இப்போது கூப்பிடுவதில்லை. ஆர்க்கன்சாவில் குளத்தில் மூழ்கித் தட்டு எடுக்கிற ஹார்லன் என்று ஒருவர் இருக்கிறார். டிலேனியின் தட்டு ஒன்று சேற்றிலிருந்து கிடைத்ததென்று கூப்பிட்டார், அந்த ஒன்றுதான் அழுக்காக வந்தது. அவருக்கும் வீட்டில் பேச ஆள் கிடையாது. இப்போது தட்டு இல்லாமலே கூப்பிடுகிறார். நல்ல மனுஷர், மூச்சுச் சத்தம்தான் கொஞ்சம் அதிகம். நீ வேறு மாதிரி நினைக்காதே, நீ எப்போதும் வேறு மாதிரிதான் நினைப்பாய்.

ஈஸ்டருக்கு முன்னால் டெக்ஸாஸிலிருந்து ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. ஒரு திங்கள் போனது, சரி, நன்றாக ஆடுகிறாள், தொலைக்கவில்லை என்று சந்தோஷப்பட்டு ஒரு கேக் கூடச் செய்தேன். அடுத்த திங்களும் போனது. அதற்கடுத்ததும். கேக்கை எறும்புக்குப் போட்டேன். ஹார்லனிடம் சொன்னேன்.

"நல்லா ஆடறா போலிருக்கு ஹார்லன், ஒரு தட்டுகூடத் தொலைக்கல."

"வெர்லீன், நல்லா ஆடறவங்கதான் நெறையத் தொலைப்பாங்க. தொலைக்காம இருக்கான்னா..."

"இருக்கான்னா?"

"எறியலயோ என்னமோ."

அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. இதை நீ யாரிடமும் சொல்லாதே.

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் ஊரில் பெரிய பந்தயம். தட்டெறிகிற எவரும் அதைத் தவறவிடமாட்டார்கள். அவள் வந்திருந்தால் எறிகிறாள், வரவில்லையென்றால் எங்கேயோ ஒரு ஊரில் என்னமோ ஆகிவிட்டது. நீ போய்ப் பார்க்க வேண்டும், மாக்ஸீன். கேட்பது கஷ்டமாக இருக்கிறது, கேட்கிறேன். பழைய நீலக் கார், பின்கண்ணாடியில் துண்டு தொங்கும். ஏதாவது சூடாகச் சமைத்து எடுத்துக்கொண்டு போ, உன் சூப் வேண்டாம், அது அவளுக்குப் பிடிக்காது, யாருக்கும் பிடிக்காது. மணிக்கட்டைப் பார், எலும்பு தெரிகிறதா என்று. நான் அனுப்பியதாக மூச்சுவிடாதே. என்னைப் பற்றிக் கேட்டால், பாட்டி சௌக்கியம், உன்னை நினைக்கவே அவளுக்கு நேரமில்லை என்று சொல். கேட்காவிட்டால், கேட்டாள் என்று எனக்கு எழுது.

உன் பூனைக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும். உன் கால் வீக்கம் வடியட்டும். பியானோக்காரர் இனியாவது சுருதியோடு வாசிக்கட்டும். உன் பெயரைச் சொல்லி ஜெபிப்பதை நான் நிறுத்தவில்லை, பேரைச் சொல்லும்போது கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுவேன், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மன்னிக்காத, ஆனாலும் உன் அக்கா,
வெர்லீன்

பின்குறிப்பு: போகாதே. மேலே எழுதியது எதையும் செய்யாதே. உறையை ஒட்ட நாக்கை நீட்டிய நேரத்தில் போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன். கொரீன் என்று ஒரு பெண். அவளும் தட்டெறிகிறவளாம், டெக்ஸாஸிலிருந்து டிலேனியோடு ஒன்றாகப் பயணம் செய்கிறாளாம்.

"பாட்டி, டிலேனிக்குத் தோள்பட்ட கிழிஞ்சுபோச்சு. டெக்ஸாஸ்லயே. கையத் தூக்க முடியல. எம்போரியா வரைக்கும் நான்தான் அவ காரை ஓட்டிட்டு வந்தேன். மாத்திரை போட்டுத் தூங்கறா, அதான் இப்பக் கூப்பிடறேன்."

"எறிய முடியாதவ எதுக்கு அங்க வந்தா?"

"வேற எங்க போவா? ஞாயித்துக்கெழம பந்தயம் முடிஞ்சா நாங்க எல்லாரும் அடுத்த ஊருக்குப் போயிருவோம், பாட்டி. இவ மட்டும் இந்தக் கார்ல கெடப்பா. வீட்டுக்குப் போடின்னா, அவங்க கூப்பிடட்டும்கிறா."

"திமிரு. ஏம்மா, என் நம்பர் உனக்கு யாரு குடுத்தா?"

"அவ பையில இருக்கற எல்லாத் தட்டுலயும் இருக்கே. ஒவ்வொரு ஊர்லயும் கடைசி நாள் ஒரு தட்ட வெட்டின புல்லுல மல்லாத்தி வெச்சுட்டு வருவா. யாராவது குனிஞ்சு எடுக்கற வரைக்கும் கார்ல இருந்து பாத்துட்டே இருப்பா. எதுக்குடி இந்த வேலைன்னு கேட்டா, பாட்டிக்குத் தெரியணும்ல, நான் எங்க இருக்கேன்னும்பா. இப்ப எறியறதில்லயே, தட்டு வெக்கறதுக்கு அவளுக்கு வெக்கம்."

எனக்கு இருமல் வந்துவிட்டது, மாக்ஸீன். நெடுநேரம் இருந்தது. லைனிலேயே இருந்தாள் அந்தப் பெண், நல்ல வளர்ப்பு.

"எழுப்பவா பாட்டி? ஒரு வார்த்த பேசறீங்களா?"

"வேண்டாம், தூங்கட்டும். நான் கூப்பிட மாட்டேன்னு சொன்னவ."

போனில் கூப்பிடமாட்டேன் என்றுதான் சொன்னேன். நேரில் போகமாட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. மேலே போய்ப் படித்துப் பார், வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறேன்.

நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் இது வந்து சேரும் என்பதால் கையோடு கொண்டுவந்து, எட்டி உன் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வராது. நீ இதைப் படிக்கும்போதும் உன் படியை மிதித்திருக்கமாட்டேன், படிக்கு இந்தப் பக்கம் புல்லில் நிற்பேன், ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும். படித்துவிட்டாயானால் கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வா. நீ ஓட்டு, நான் உன் பக்கத்தில் உட்காருகிறேன். பின்சீட்டில் எதை வைத்திருந்தாலும் இறக்கிவிடு, அவள் அந்தத் தோளை அசைக்காமல் படுத்து வர வேண்டும்.