வலியை ஊதித் தள்ளிய குக்கர் அக்கா

திண்டுக்கல்லில் வீசும் காற்றில் பாதி குக்கர் அக்காவின் வாயிலிருந்து கிளம்பியதுதான். எங்கள் நூல் மில்லின் கணக்குப் பிரிவில் இருந்தார். பெண்கள் விடுதியில் எனக்கு அடுத்த அறை. நாற்காலியிலிருந்து எழுந்தால் 'உஸ்ஸ்', வாளியைத் தூக்கினால் 'உஸ்ஸ்'. ஒருமுறை பாம்பென்று நினைத்துக் காவலாளி தடியோடு மாடிக்கே வந்துவிட்டார்.

மில்லில் முதன்முறையாகப் பெண்கள் கபடி அணி சேர்த்தபோது அக்காதான் கேப்டன். பக்கத்து ஊரான அகரத்தில் இரண்டு நாள் போட்டி. "பாதியில ஓடி வந்தீங்கன்னா அடுத்த வருசம் லேடீஸ் டீமே கெடையாது" என்று மேலாளர் முன்பே சொல்லிவிட்டார்.

முதல் நாள் எப்படியோ ஜெயித்தோம். மறுநாள் காலை விடுதியில், ஏழு பேரில் ஆறு பேருக்குத் தொடை இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் இருந்தது. என் அறைத்தோழி ஜெசிந்தா கழிவறைக்குப் போனாள்; உட்கார்ந்தாள்; எழவில்லை.

"எந்திரிக்க முடியலக்கா."

"மூச்ச ஏண்டி புடிச்சு வச்சிருக்க? ஊதிக்கிட்டே எந்திரி" என்றார் அக்கா, கதவுக்கு வெளியிலிருந்து.

"ஊதுனா வலி போயிருமா?"

"போகாது. நீ வெளிய வருவ. அம்புட்டுத்தான்."

உள்ளே நீளமாக ஓர் 'உஸ்ஸ்'. தாழ்ப்பாள் திறந்தது.

நான் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் வரிசைப்படுத்தாமல் நம்ப மாட்டேன். ஒன்று, தசையில் விழுந்த நுண்ணிய கிழிசலைக் காற்று தைக்காது. இரண்டு, வலிக்குமென்று பயந்து மூச்சை அடக்கினால் உடம்பே விறைக்கிறது. ஊதினால் அந்த விறைப்பாவது விடுகிறது. மூன்று, வேனுக்கு நேரமாகிவிட்டது.

நானும் ஊதினேன். அக்கா விறுவிறுவென்று முன்னால் இறங்க, பின்னால் ஆறு குக்கர்கள் படியிறங்கின. "அடுப்ப அணைங்கம்மா" என்று கீழேயிருந்து யாரோ கத்தினார்கள்.

இறுதியாட்டத்தில் தோற்றோம். ஆனால் ஏழு பேரும் கடைசி வரை நின்றோம். அக்கா கபடி பாடிப் போய், காலைப் பிடித்துத் தொங்கிய மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு வந்து கோட்டைத் தொட்டபோது, எதிரணியே கைதட்டியது. "அடுத்த வருசமும் வாரோம்ல?" என்று மேலாளரே கேட்டார்.

வேன் விடுதி வாசலில் நின்றது. அக்கா மட்டும் இறங்கவில்லை. உதட்டைக் கடித்து, மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவரிடம் ஓர் 'உஸ்ஸ்'கூட வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"நீங்க ஊதலையாக்கா?"

"எனக்கும் கால் வெளங்கலைன்னு தெரிஞ்சா, காலையில நீங்க கெளம்பியிருப்பீகளாடி?"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரை இறக்கினோம். அவர் அடக்கி வைத்திருந்ததற்கும் சேர்த்து, ஆறு பேரும் ஊதினோம்.