பதினோரு தபா போன சைக்கிள்

எங்கள் ஊரில் இன்றும் சிலர் என்னைச் சாலை மறியல் நடத்திய தலைவன் என்று நம்புகிறார்கள். சத்தியமாக இல்லை. நான் ஒரு பெண்ணை எண்ணிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அதை வெளியே சொல்வதைவிடத் தலைவன் பட்டமே கொஞ்சம் கௌரவமாக இருந்ததால் இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கூட்டேரிப்பட்டிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் ரோடு நான்கு கிலோமீட்டர். எதிரும் புதிருமாக இரண்டு லாரி வந்தால் நடுவில் ஒரு பாக்கு வைக்க முடியாது. கல்குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் நாள் முழுக்க அதில்தான் ஓடும். நாங்களும் அதில்தான் நடப்போம், சைக்கிள் மிதிப்போம். ஹாரன் கேட்டால் முள்ளுக்குள் இறங்கி நிற்போம். (என் கால்சட்டைகளில் கிழியாதது ஒன்றுகூடக் கிடையாது. அம்மா என்னை ஆடு என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.)

அந்த ரோட்டில் தினமும் காலை ஏழரைக்குத் தமிழரசி சைக்கிளில் போவாள். அடுத்த தெருப் பெண். கூட்டேரிப்பட்டில் சைக்கிளை விட்டுவிட்டு பஸ் பிடித்துத் திண்டிவனம் போய் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். நான் விழுப்புரத்தில் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். ஆனாலும் ஏழரை மணிக்கு நான் டீக்கடையில் இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. மூன்று வருடத்தில் அவளிடம் நான் பேசிய மொத்தப் பேச்சு, "டயர்ல காத்து கம்மியா கீது." அதையும் அவள் போன பிறகுதான் சொன்னேன்.

ஒரு நாள் ஒரு டிப்பர் உரசியதில் அவள் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தாள். முழங்கையில் ஆறு தையல். அவளுடைய அப்பா ராமலிங்கம் மாமா டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"ரோட்டை அகலப்படுத்தறாங்களாம், ஓரத்துல நடக்க, சைக்கிள் உட தனியா வழி போடறாங்களாம். வந்தா பாப்பேன். இல்லன்னா இவள மெட்ராஸ்ல அவ அண்ணன் வூட்டுக்கு அனுப்பிடுவேன். இந்தப் பேஜாரு எனக்கு வாணாம்."

அன்றிலிருந்து அந்த ரோட்டைப் பற்றி என்னைவிடக் கவலைப்பட்டவன் இந்த மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

தெய்வமே இரங்கியது போல எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. ரோடு போடுவதற்கு முன் அதில் யார் யார் போகிறார்கள் என்று எண்ண வேண்டும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு குடை. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. படிவத்தில் நடப்பவர், சைக்கிள், பைக், கார், லாரி என்று கட்டங்கள். ஒருவர் போனால் ஒரு கோடு. நான்கு கோடு ஆனதும் ஐந்தாவதைக் குறுக்கே போட்டு ஒரு கட்டு. எங்கள் ஊருக்கு என்னையே போடச் சொல்லி சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கினேன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "நடக்கறவங்க, சைக்கிள்காரங்க நெறய பேரு இருந்தாத்தான் தனி வழி வரும். பாத்து எண்ணு."

நான் பார்த்து எண்ணுவதோடு நிறுத்தியிருக்கலாம். முந்தின நாள் டீக்கடை நாகப்பன் அண்ணனிடம் வாயைக் கொடுத்தேன். "அண்ணே, நாளைக்கு நம்ம ஜனங்க கொஞ்சம் பேரு நடந்தா, சைக்கிள்ள போனா, ரோடு நிச்சயம் வந்துரும்."

"கொஞ்சம் பேரு இன்னாத்துக்கு? ஊரையே எறக்கறேன் பாரு," என்றார். அவர் சொன்னதைச் செய்யும் ஆள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

காலை ஏழு மணிக்கெல்லாம் ரோட்டில் திருவிழா. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் மண்வெட்டியோடு போனார்கள், வந்தார்கள், மறுபடி போனார்கள். பரணில் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் இறங்கின. ஒருவர் செயின் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "என்ன எதுல போடுவ? நடையா, சைக்கிளா?" என்று சண்டைக்கு நின்றார். (இரண்டிலும் போட்டேன்.) மாட்டுக்குக் கட்டம் இல்லையா என்று இன்னொருவர் வருத்தப்பட்டார்.

ஏழரைக்குத் தமிழரசி வந்தாள். அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். பச்சைத் தாவணி, முழங்கையில் தையல் தழும்பு. என் மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் மணி அடித்தாள். நான் குனிந்து ஒரு கோடு போட்டேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள், மணி அடித்தாள். இன்னொரு கோடு. நான்காவது தபா சிரித்தாள் என்று நினைக்கிறேன். குனிந்திருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏழாவது தபா மேசைக்கு எதிரிலேயே இறங்கி, நாகப்பன் கடைப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டு, செயினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். செயின் நன்றாகத்தான் இருந்தது. நானோ கடமை தவறாதவனாக, நிற்பவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு தபா. இரண்டு கட்டு, ஒரு ஒற்றைக் கோடு. அவளுடைய கோடுகளை மட்டும் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் நீளமாகப் போட்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே காதல் கடிதம் அரசாங்கப் படிவத்தில் போய்விட்டது.

இதற்கிடையில் ஒன்று நடந்திருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை. முதலில் வந்த டிப்பர் டிரைவர் வளைவிலேயே ஜனத்தைப் பார்த்திருக்கிறார். மண்வெட்டியோடு பெண்கள், குறுக்கும் நெடுக்கும் சைக்கிள், நடுவில் மேசை போட்டுக் குடை பிடித்து ஒருவன். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு மற்ற டிரைவர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார்: "மறியல் நடக்குது, இந்தப் பக்கம் வராதீங்க." எல்லா லாரியும் மயிலம் வழியாகச் சுற்றிப் போய்விட்டன.

பத்தரை மணிக்கு போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கி, "யாருயா இங்க தலைவரு?" என்றார். மொத்த ஊரும் என்னைக் காட்டியது. நாற்காலி என் ஒருவனிடம்தானே இருந்தது.

"என்ன கோரிக்கை?"

"கோரிக்கை ஒண்ணும் இல்லீங்க சார். எண்ணிக்கினு இருக்கேன்."

"எத?"

"போறவங்கள சார்."

"ஜல்தி கெளம்பு. ஸ்டேஷன்ல வந்து எண்ணலாம்."

ஜீப்பின் பின்னால் ஏறும்போது தமிழரசி சைக்கிளைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "நாகப்பண்ணே, குடை ஆபீஸுது, பத்திரம்."

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து என்னை மீட்டார். வெளியே வந்ததும் படிவத்தைப் புரட்டினார். சைக்கிள் கட்டம் பக்கம் பக்கமாக நிரம்பி வழிந்தது. லாரிக் கட்டத்தில் ஒரு கோடுகூட இல்லை.

"லாரியே போவாத ரோட்ட எதுக்குயா அகலப்படுத்தணும்? லாரி இல்லன்னா சைக்கிளுக்குத் தனியா வழி எதுக்கு? இருக்கற ரோடே சைக்கிளுக்குத்தான?"

மறுபடி எண்ணலாமே என்று கேட்டேன். "அடுத்த தபா டெண்டர் வரும்போது எண்ணலாம். ஆனா நீ எண்ண மாட்ட," என்றார்.

ரோட்டை அந்த வருடத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ராமலிங்கம் மாமா சொன்ன சொல் மாறாதவர். அடுத்த மாதமே தமிழரசி இரண்டு பைகளோடு கூட்டேரிப்பட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். பைகளைத் தூக்க வந்தவன் போல நானும் போய் நின்றேன். மாமா டீ குடிக்கப் போன நேரத்தில் அவள்தான் பேசினாள்.

"பதினோரு தபா போனேன்."

"ஆமா. பதினொண்ணுதான். கரெக்டா எண்ணியிருக்கேன்."

"ஒரு தபாவாவது கூப்பிட்டிருக்கலாம் இல்ல?"

பஸ் வந்துவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், நான் கையைக்கூட அசைக்கவில்லை. அவள் சென்னையிலேயே கல்யாணமாகிச் சௌக்கியமாக இருக்கிறாள் என்று நாகப்பன் அண்ணன் சொல்வார். நல்லது. ஆனாலும் ஏழரை மணி ஆனால் என் காது இப்போதும் அந்த மணிச் சத்தத்துக்கு ஏங்குகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் கல்யாணப் பந்தியில் நாகப்பன் அண்ணன் இந்தக் கதையை என் மனைவியிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். அவள் கோபப்படவில்லை. அதைவிட மோசம், ஞாபகம் வைத்துக்கொண்டாள். விருந்தில் பாயச வாளி என்னைத் தாண்டிப் போனால், நிறுத்தத்தில் ஆட்டோ நிற்காமல் போனால், "எண்ணிக்கினு இருக்காதீங்க, கூப்பிடுங்க!" என்பாள். இப்போது எங்கள் வீட்டில் மாமியார் முதல் மச்சான் வரை எல்லோருக்கும் அதுதான் வசனம்.

ரோடு போன வருடம் வந்துவிட்டது. அகலமாக, ஓரத்தில் நடக்க மேடை, லாரி ஏற முடியாதபடி தடுப்பு வைத்துத் தனியே சைக்கிள் வழி. முதல் வாரமே ஜனங்கள் அதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயவைத்துவிட்டார்கள். (பாதிதான். மீதிப் பாதியில் சைக்கிள் போகிறது.) அதில் என் மகள் சைக்கிள் பழகுகிறாள். நான் கல்லில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து ரோட்டில் டிப்பர் போகும், அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இந்த வழி அன்றைக்கே இருந்திருந்தால் என்று நினைப்பேன். அதற்குள் ஒரு ரவுண்டு முடித்து, என்னைத் தாண்டும்போது மணி அடிப்பாள்.

நேற்று அவள் பதினோராவது தபா போனாள். "பாப்பா!" என்று கத்தினேன். பயந்துபோய்க் காலை ஊன்றி நிறுத்தினாள்.

"இன்னாப்பா?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மா கூப்பிட்டேன்."