பெயரின் கடைசியில் ஒரு கொக்கி

அன்புள்ள அகோத் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அத்தானிடம்கூடக் காட்டாதே. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலமில்லை. விடுதிப் பெட்டி அறைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நாளைக் காலை கம்ப்யூட்டர் வாத்தியார் சிமியு சாரை வேலையைவிட்டு அனுப்பப் போகிறார்கள். தப்பு செய்தது நான்.

என் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது கடைசி எழுத்துக்கு மேலே தொங்கும் கொக்கி, அந்த ஒற்றை மேற்கோள் குறி, உனக்குத் தெரியும். அது இருந்தால்தான் நான் அஜ்வாங். இல்லாவிட்டால் இந்த மலைப்பக்கத்துக்காரர்கள் அஜ்வாங்கு என்று பாத்திரம் உருள்வதுபோல் கூப்பிடுகிறார்கள். இந்த வருடம் சார் மாணவிகளின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் ஏற்றி, அவரவர் பெயரை அவரவரே திருத்தலாம் என்றார். நான் கொக்கியைப் போட்டேன், பக்கம் உடைந்தது. கொக்கியோடு பெயர் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் எதை அடித்தாலும் தனக்கு இட்ட கட்டளையாக எடுத்துச் செய்துவிடுகிறது அந்த மென்பொருள். பக்கம் உடைகிறது என்று மட்டும் சாரிடம் போய்ச் சொன்னேன். "மிஷினுக்கே உன் கொக்கி பிடிக்கல, அஜ்வாங்கு. எடுத்துப் போட்டுட்டு எழுதும்மா" என்றார், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. அன்றிலிருந்து என் பெயர் தூண்டில்.

அந்தக் கோபத்தில் கொக்கிக்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டளை எழுதினேன். விடுதியில் தினமும் போடும் சோளமும் பீன்ஸும் கலந்த கிதேரியைப் பற்றி, 'கிதேரியில் பீன்ஸைவிட வண்டுதான் அதிகம்' என்ற வரி பக்கத்தின் தலையில் சிவப்பாக ஓட வேண்டும், அவ்வளவுதான். என் பக்கத்தில் மட்டும் ஓடும் என்று நினைத்தேன், பட்டியலை யார் திறந்தாலும் ஓடும் என்று தெரியாது. துணைத் தலைமையாசிரியை சேப்கோச் மேடம் பெற்றோர் கூட்டத்தில் பட்டியலைத் திறந்து சுவரில் காட்டினார். வண்டு ஓடியது. அணைத்துவிட்டு மறுபடி திறந்தார், மறுபடி ஓடியது. கூட்டத்தில் கொடுத்த கிதேரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அப்பா தன் தட்டை முகர்ந்து பார்த்தார். நிர்வாகக் கடவுச்சொல் சாரிடம் மட்டும்தான் இருக்கிறது, அதனால் செய்தவர் சார்தான் என்று மேடம் முடிவுகட்டிவிட்டார். கடவுச்சொல்லே தேவையில்லை, எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று சார் கெஞ்சினார்.

"ஓட்டைய நாளைக்குள்ள காட்டுங்க, வாத்தியாரே. இல்லேன்னா பெட்டியக் கட்டுங்க."

பாவம், சார் மென்பொருளையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். பெயர்களுக்குள் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. நான் வாயைத் திறந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள், அப்பா என்னை மீன் உலர்த்த வைத்துவிடுவார். அதனால் யார் கேட்டாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்கும் தெரியாது. ஞாயிறன்று கொஞ்சம் ஒமேனா மீன் கொடுத்தனுப்பு. குழந்தைக்கு முத்தம். உன் வீட்டுக் கூரையையும் கூரைக்குக் கீழே இருப்பவர்களையும் கடவுள் காக்கட்டும்.

உன் தங்கை

பின்குறிப்பு: மனசு கேட்காமல், இன்று மாலை வண்டை எடுத்துவிட்டு, 'இதைச் செய்தது சிமியு சார் அல்ல' என்று ஓட விட்டிருக்கிறேன். யார் எழுதியது என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் இப்போதுதான் ஒன்று உறைக்கிறது. கொக்கி இருந்தால்தான் கட்டளை ஓடும். இந்தப் பள்ளியில் கொக்கி வைத்த பெயர் என்னுடையது மட்டும்தான். கதவைத் தட்டுகிறார்கள். மேடம் குரல். "அஜ்வாங்" என்கிறார். கு இல்லாமல்