எறும்பு ஏறிய மெஷின்

டக் என்று பிட் முறிந்தது. காலையிலிருந்து இது இரண்டாவது.

கோபிகிருஷ்ணன் மரப்பலகை மேல் கிடந்த சின்ன அலுமினியத் தகட்டை முறைத்தான். கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் அந்த சிஎன்சி மெஷினுக்குக் கண் கிடையாது. செதுக்கும் முனையான பிட்டை, ஒயர் கோத்த ஒரு கிளிப் கவ்வியிருக்கும். பிட் இறங்கித் தகட்டைத் தொட்டால் கரண்ட் ஓடும், பலகை எங்கே இருக்கிறது என்று புரிந்துகொண்டு மெஷின் நிற்கும். நிற்க வேண்டும். இது நிற்காமல் தகட்டையே துளைக்கப் பார்த்தது.

"அய்பொயிந்தி மாப்ள," என்றார் வாசலில் நின்ற மாமனார் துலுக்காணம். போச்சு என்று அர்த்தம்; கெட்ட செய்தி என்றால் அவருக்குத் தெலுங்குதான் வரும். "பேசாம ஸ்ரீ சிட்டிக்கே போய்டுங்க. மேனேஜர் கைல சொல்லி வெச்சிக்கீறேன்."

போன வாரம் திருமலையில் போட்ட மொட்டை வெயிலில் பளபளத்தது. மாப்பிள்ளை கம்பெனிக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் வேண்டுதலாக இருக்கும் என்று கோபிக்கு எரிச்சல்.

ஸ்ரீ சிட்டி வேலையை விட்டுவிட்டுத்தான் அவன் குடிபாலாவில் இந்த மெஷினைப் போட்டான். அங்கே ஹாஸ்டல், இங்கே பத்மினி. கல்யாணமானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் புருஷனாகவே இருந்து அலுத்துவிட்டது. நாளைக் காலை புத்தலப்பட்டில் ஆர்டர் கொடுத்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதற்குள் அந்த வீட்டுக் கதவுக்கு யானை செதுக்கிய பலகை போகாவிட்டால் தானே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதாக மாமனாரிடம் வாய் விட்டிருந்தான்.

"ஒரு பூசை போட்டீங்களா? ஒரு பொட்டு வெச்சீங்களா?"

"பொட்டு வெச்சாதான் ஓடும்னா அது மெஷின் இல்ல மாமா, மாடு. என் கையாலயே ஓட வெக்கிறேன், பாத்துக்கினே இருங்க."

"ஏங்க, மெஷின் மேல எறும்பு ஏறுது," என்றாள் பத்மினி.

"ஏறட்டும். அதுக்காவது போற வழி தெரியுதே."

ஒயர்தான் கோளாறு என்று முடிவு கட்டி, பழைய கிளிப்பிலேயே புது ஒயரைப் பற்றவைத்தான். மூன்றாவது பிட்டும் போயிற்று.

அடுத்தது கம்ப்யூட்டர். செட்டிங்கைத் தலைகீழாக மாற்றினான். இப்போது மெஷின் எதையும் தொடாமலே தொட்டுவிட்டதாக நம்பி, அந்தரத்திலேயே ஒரு யானையை அக்கறையாகச் செதுக்கியது. மாமனார் கைகட்டி நின்று முழு யானையையும் பார்த்தார்.

"நல்லாக்கீது மாப்ள. மாட்றதுக்குக் கதவு எங்க?"

ரோஷத்தில் கோபி இன்னும் ரெண்டு செட்டிங்கை மாற்றி, ஆரம்ப இடத்துக்குப் போகச் சொன்னான். மேலே ஏற வேண்டிய பிட் கீழே இறங்கி, தேக்குப் பலகையில் ஓட்டை போட்டது.

"அய்பொயிந்தி."

"ஒண்ணும் போகல. அது யானைக்குக் கண்ணு."

"கண்ணு கடைசியாத்தான தொறப்பாங்க?"

"நான் மொதல்ல தொறப்பேன். என் யானை, என் இஷ்டம்."

சொல்லிவிட்டானே தவிர, உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. பத்மினி பரண் மேலிருந்த பையைப் பார்த்ததை அவனும் பார்த்தான்.

அந்த நேரம் மாமியார் கமலம்மா சோத்துத் தூக்கோடு வந்தாள். வந்தவள் மெஷினை உற்றுப் பார்த்தாள்.

"மாப்ள, எறும்பெல்லாம் அந்தக் கிளிப்பு வாய்க்குள்ளதான போய்க்கினு கீது?"

கோபி கிளிப்பைப் பிரித்தான். பல்லிடுக்கெல்லாம் ஏதோ பழுப்பாக இறுகிக் கிடந்தது. மோந்து பார்த்தான். நெய்யும் ஏலக்காயும் மணத்தது. லட்டு.

இதைத் தாண்டி கரண்ட் எப்படிப் போகும்? சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினான். செட்டிங்குகளைப் பழையபடி வைத்தான். பிட் இறங்கியது, தகட்டைத் தொட்டது, நின்றது. புது மருமகள் போல அடக்கமாக மேலே போயிற்று. பத்மினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கோபி கிளிப்பைத் தூக்கிப் பிடித்தபடி மாமனாரிடம் திரும்பினான்.

"திருமலைக்குப் போய்ட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான். நான் தோக்கணும், பஸ் ஏறணும். அதுக்கு சாமி பிரசாதம்தானா கெடச்சுது?"

துலுக்காணம் மொட்டையைத் தடவிக்கொண்டு செருப்பைத் தேடினார்.

கமலம்மா தூக்கை இறக்கி வைத்தாள்.

"இன்னா மாப்ள பேசறீங்க? உங்க மெஷினு ஓடணும்னு மொட்ட போட்டுக்கினு வந்த மனுஷன், இந்தக் கிளிப்பு வாயைத் தொறந்துக்கினு கீதேன்னு மொத விள்ளல் லட்ட அதுக்குத்தான ஊட்டுனாரு. பெத்த பொண்ணுக்கே அப்புறந்தான் குடுத்தாரு."