வாக்கியம் முடித்துவைப்பவர்

அடுத்தவர் வாயைத் திறந்ததும் அவருடைய வாக்கியத்தைப் பாதியில் வாங்கித் தாமே முடித்துவைக்கும் ஓர் இனம் உலகில் உண்டு. கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கடைக் கதவைத் திறந்து பின்னால் வருபவர்களுக்காகப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள், பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியையும் சேர்த்துத் தெருவுக்கு உருட்டிக்கொண்டு போய் வைப்பவர்கள், யாராவது ஒரு சொல்லுக்காகக் கொஞ்சம் தடுமாறினால் நாக்கு துறுதுறுத்து உதவிக்கு ஓடி வருபவர்கள். வம்பே அந்த உதவியில்தான். உங்களுக்கும் இப்படி இரண்டு பேரைத் தெரிந்திருக்கும். ஆனால் இந்த இனத்தை முழு வளர்ச்சியில் பார்க்க வேண்டுமானால், கண்ணால் பேசும் ஒருவர் பக்கத்தில் விட்டுப் பார்க்க வேண்டும்.

நெரிடா கண்ணால் பேசுபவள். டாஸ்மேனியாவின் வடகரையில் ஒரு சிற்றூர் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். வயது நாற்பத்தொன்று. பெருமூளை வாதத்தோடு பிறந்ததால் வாய்ப்பேச்சு வரவில்லை. கையும் சொன்னபடி கேட்காது. சக்கர நாற்காலியின் முன்னால் ஒரு திரை இருக்கிறது. அதிலுள்ள எழுத்தை ஒரு கணம் நிலைத்துப் பார்த்தால் பதியும்; வாக்கியம் சேர்ந்ததும் 'பேசு' என்ற கட்டத்தைப் பார்த்தால் பெட்டி உரக்கச் சொல்லும். சின்ன வாக்கியத்துக்கு ஒரு நிமிடம். அந்தப் பெட்டியும் அடுத்த சொல்லை ஊகிக்கத்தான் செய்கிறது. ஊகித்ததை ஓரமாக எழுதிக் காட்டிவிட்டு, அவள் சம்மதிக்கும்வரை பேசாமல் இருக்கிறது. பெட்டிக்கு அந்த நாகரிகம் தெரியும். மெர்வுக்குத் தெரியாது.

மெர்வ் உள்ளூர் பௌல்ஸ் கிளப்பின் தலைவர். புல்தரையில் பந்து உருட்டும் அந்த ஆட்டத்தில் நெரிடா ஆறு வருடமாக ஆடுகிறாள்; ஒரு சரிவுப் பலகையின் வழியே பந்தை விடுவாள், குறி தப்புவது அபூர்வம். அந்தப் பலகையைத் தன் கொட்டகையில் உட்கார்ந்து இழைத்துக் கொடுத்தவரே மெர்வ்தான். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையைப் படிப்பார். 'டீ' என்று அவள் எழுதியிருப்பாள். "டீ வேணுமா கண்ணு? ரெண்டு சக்கரைதானே? இதோ கொண்டாரேன்" என்று ஓடுவார். டீ பாய்லர் பொங்கி வழிகிறது என்று அவள் சொல்ல வந்திருப்பாள். மறுத்துச் சொல்ல இன்னொரு வாக்கியம் வேண்டும். அதற்கும் ஒரு நிமிடம் ஆகும். அதையும் அவரே முடித்துவைப்பார். ஆறு வருடத்தில் நெரிடா எத்தனை டீயைக் குடித்துத் தொலைத்திருப்பாள்?

ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை மதியம், கிளப்பின் ஆண்டுக் கூட்டம். இருபது வருடம் செயலாளராக இருந்தவர் மகளோடு பிரிஸ்பேனுக்குக் குடிபோய்விட்டார். அந்தப் பதவியின் மேல் நெரிடாவுக்கு ஒரு கண். யாரிடமும் சொல்லவில்லை, வேறு யாராவது முன்வந்தால் பேசாமல் இருந்துவிடலாம் என்ற கூச்சத்தில் எதையும் எழுதிவைத்துக்கொண்டும் வரவில்லை.

"செயலாளர் வேலை. யாரு எடுத்துக்கிறீங்க?" என்றார் மெர்வ்.

வந்திருந்த முப்பத்தொரு பேரும் தத்தம் காலணியைப் பார்த்தார்கள். நெரிடா திரையைப் பார்த்தாள். மெர்வ் மேடையிலிருந்து இறங்கி, வழக்கமான இடத்தில் வந்து நின்றார். திரையில் 'செயலாளர் பதவிக்கு நா' என்பது வரை வந்திருந்தது.

"நாம எல்லாருமா ரோண்டாவைக் கேக்கலாம்னு சொல்லுறா. நல்ல யோசனை கண்ணு."

லாமிங்டன் கேக்கைப் பாதி கடித்திருந்த ரோண்டாவுக்குப் புரையேறியது. "நானா? எனக்கு மளிகை லிஸ்ட்டே ஒழுங்கா எழுத வராது மெர்வ்."

"அதெல்லாம் வந்துடும். நெரிடா முன்மொழிஞ்சாச்சு. வழிமொழியறது யாரு?"

பசியோடிருந்த இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள்.

நெரிடாவுக்குக் காது சுட்டது. இன்னும் ஒரு நிமிடம் போனால் பதவி ரோண்டாவின் தலையில். அதுவும் தன் பேரால். திரையின் மூலையில் எப்போதோ அவள் செய்துவைத்த ஒரு கட்டம் இருந்தது. மரியாதைக் குறைவாகப் படுமோ என்று கிளப்பில் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. ஒலியை முழுக்க ஏற்றினாள். கட்டத்தைப் பார்த்தாள்.

"நான் இன்னும் பேசிட்டிருக்கேன்," என்றது பெட்டி.

"தெரியுது கண்ணு, நீ சொல்ல வர்றது..."

"நான் இன்னும் பேசிட்டிருக்கேன்."

"இல்ல, நேரமாகுதேன்னுதான்..."

"நான் இன்னும் பேசிட்டிருக்கேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "உக்காருப்பா மெர்வ்," என்றது ஒரு குரல். மெர்வ் உட்கார்ந்தார்.

அடுத்த நான்கு நிமிடம் அந்தக் கூடத்தில் யாரும் பேசவில்லை. முதல் நிமிடம் இருமினார்கள். இரண்டாவது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்றாவதில், என்னதான் சொல்லப்போகிறாள் என்று கழுத்தை நீட்டினார்கள். இத்தனை பேர் தனக்காகக் காத்திருப்பது நெரிடாவுக்குப் பழக்கமில்லை; இரண்டு எழுத்துத் தவறிப்போய், அழித்து மறுபடி எழுதினாள். பிறகு பெட்டி பேசியது.

"செயலாளர் பதவிக்கு நானே நிக்கிறேன். போன வருஷக் கூட்டக் குறிப்புல நான் பேசினதா ஒம்பது வாக்கியம் இருக்கு. என்னோடது அதுல ரெண்டுதான். மீதி மெர்வோடது. தலைவருக்கு நான் மனசார நன்றி சொன்னதும் அவரு சொன்னதுதான்."

கூடமே சிரித்தது. மெர்வின் கழுத்து சிவந்தது.

"நான் வழிமொழியறேன்," என்றாள் ரோண்டா, கேக்கை விழுங்கக்கூட நிற்காமல். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. மெர்வ்தான் எழுந்து அறிவிக்க வேண்டியிருந்தது, அறிவித்தார்.

கூட்டம் முடிந்தபோது பெட்டியில் மின்சாரம் தீரும் நிலை. நெரிடா சுவரோரம் போய், ரோண்டாவிடம் சொல்லிச் சார்ஜரைச் செருகிக்கொண்டாள். மெர்வ் அங்கே வந்தார், கையில் டீ இல்லாமல்.

"நெரிடா," என்றார். கண்ணு என்று சொல்லவில்லை. "உதவி பண்றேன்னுதான் நான் நெனைச்சுட்டிருந்தேன்."

அது அவளுக்கும் தெரியும். அந்தப் பெரிய கைகள் சரிவுப் பலகையை எவ்வளவு வழவழப்பாக இழைத்திருந்தன என்பதும் தெரியும். அவள் எழுதத் தொடங்கினாள். பழக்க தோஷத்தில் மெர்வின் பார்வை திரைக்குப் போய்விட்டது. 'மெர்வ், நீங்க' என்ற இரண்டு சொல் கண்ணில் பட்டது. அவர் உதடு அசைந்தது. சட்டென்று தலையைத் திருப்பி, ஜன்னலுக்கு வெளியே ஈரப் புல்லைப் பார்த்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிடத்துக்கு மேலேயே நின்றார். யாரும் அதட்டி உட்காரவைக்காமல், தானாகவே அவ்வளவு நேரம் அவர் காத்திருந்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"மெர்வ், நீங்க என் சார்ஜர் வயர்மேல நின்னுட்டிருக்கீங்க," என்றது பெட்டி.

அவர் துள்ளி விலகினார். நெரிடா சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது; சற்றுக் கழித்து அவரும் சிரித்தார்.

அதெல்லாம் இருக்கட்டும். 'மெர்வ், நீங்க' என்ற இரண்டு சொல்லைப் படித்ததும் நீங்கள் என்ன போட்டு முடித்தீர்கள்? 'நல்லவர்' என்றா? 'கவலைப்படாதீங்க' என்றா? மெர்வாவது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.